முத்திரை உடையாத பெட்டி

இந்த வீட்டில் ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்டுவது என்று நான் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோற்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான். நடுவில் ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் நான் ஜெயித்துக்கொண்டேதான் இருந்தேன். அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நெஞ்சு இப்போதும் படபடவென்று அடித்துக்கொள்கிறது, தொட்டுப் பாருங்கள்.

கேளுங்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குடி இல்லை, சீட்டு இல்லை. பழைய கம்ப்யூட்டர் சேர்ப்பேன்.

ஊரெல்லாம் புதுசு வாங்கிவிட்டுத் தூக்கிப் போட்ட பெட்டிகள். ஒன்றில் பச்சை எழுத்து மட்டும் வரும். ஒன்றுக்கு உள்ளங்கை அகலத்தில் ஃபிளாப்பி போட வேண்டும். இன்னொன்று பாட்டு கேசட்டிலிருந்து புரோகிராமை உறிஞ்சும்; உறிஞ்சும்போது வாலை மிதித்த பூனை மாதிரி கத்தும். ஸ்விட்சைப் போட்டால் எழுந்திருக்க ஒன்பது நிமிஷம். அதனால் என்ன? காலையில் நானும் அப்படித்தான்.

வாங்கி அடுக்கி அழகு பார்க்கிறவன் இல்லை நான். பயன்படுத்துகிறவன். வீட்டுக் காய்கறிப் பட்டியலைக்கூட அதில்தான் தட்டுவேன். அரை மணி நேரம் ஆகும். பிரிண்டர் கிடையாது என்பதால், திரையைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவேன்.

"அந்தத் தாளிலேயே முதல்ல எழுதிட்டா என்ன?" என்பாள் என் மனைவி.

"அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"அதைத்தாங்க நானும் ஆறு வருஷமா கேக்கறேன்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் இருபது பெட்டி சேர்ந்தது. பின்னறையில் பதினாலு. பரணில் ஆறு, அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக. பின்னறையில் கால் வைக்க இடமில்லை. ஒற்றைக் காலில் நுழைந்து, அதே ஒற்றைக் காலில் திரும்பி வர வேண்டும். ஒரு மானிட்டர் முன்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. முட்டுக் கொடுக்க அளவாக ஒரு மரத்துண்டு தேடினேன். அவளுடைய டேபிள் டென்னிஸ் மட்டை கிடைத்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது மழைக் கோட்டு போட்டிருந்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கோட்டுக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிய ஒன்பது அங்குல மானிட்டர். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

கோட்டின் மேல் பித்தானையும் மாட்டிக்கொண்டேன்.

"பிறந்த வீட்டுக்கே கொண்டுபோய் விட்டுட்டு வாங்க."

விட்டுவிட்டு வந்தேன். வந்ததும் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"அந்தப் பின்னறை எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"டேபிள் டென்னிஸ் மேஜை போடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்லூரியில் அவள் விளையாடியது தெரியும். கோப்பைகள்கூட வாங்கியிருக்கிறாள். ஆனால் அதெல்லாம் கல்யாணத்தோடு முடிந்துபோன விஷயம், அம்மை போட்டு ஆறின மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன்.

"எட்டு மணி நேரம் பார்சல் ஆபீஸ் கவுண்டர்ல நின்னு ஊரான் பெட்டியைத் தூக்கி வைக்கிறேன். வீட்டுக்கு வந்தா உங்க பெட்டி. எனக்குன்னு கையை வீசி நிக்க இந்த வீட்டுல ஒரு ரூம் இல்லை. கையெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சுங்க."

"துருவுக்கு என்கிட்ட எண்ணெய் இருக்கே!"

அவள் சிரிக்கவில்லை. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். உஷாராவதற்குப் பதில் முடிவெடுத்தேன். விடக் கூடாது. ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்காவைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டோம். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யாரிடம் பேசினாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது போலவே பேசுவார். பேசும்போது வலது கால் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கியர் மாத்தாதீங்க. தம்பி, முதல்ல நீங்க."

நான் ஒப்பந்தம் ஒன்றைச் சொன்னேன். என் பச்சை எழுத்துக் கம்ப்யூட்டரில் தட்டினேன். பிரிண்டர் இல்லாததால் அவளே தாளில் எழுதிக்கொண்டாள். வாசகம் முழுக்க என்னுடையது. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை எண்ணுவது. பத்துக்கு மேல் இருந்தால் ஹாலில் பாதி எனக்கு. பத்தோ அதற்குக் கீழோ இருந்தால் பின்னறை அவளுக்கு. "எடைக்குப் போடறது, யாருக்காவது தூக்கிக் கொடுக்கறது, இந்த வேலையெல்லாம் நடக்கக் கூடாது" என்று அழுத்திச் சொல்லி, 'மனைவி எந்தக் கம்ப்யூட்டரையும் வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அவள் ஒரே ஒரு வரி கேட்டாள். "புதுசா ஒண்ணு உள்ளே வரணும்னா மூணு வெளியே போகணும்."

"மூணா? அநியாயம்! ரெண்டு!"

"சரி, ரெண்டு."

பாருங்கள், ஒரே நிமிஷத்தில் மூன்றை இரண்டாக இறக்கிவிட்டேன். ஆறு வருஷத்தில் முதல் வெற்றி. அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தம்பி நல்லா ஓட்டறாரு" என்றார்.

அடுத்த வாரம் ஒரு அதிசயம் நடந்தது.

"ஏங்க, இந்தப் பெட்டியெல்லாம் ஏன் மஞ்சளா இருக்கு?"

எனக்குக் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. ஆறு வருஷத்தில் அவள் என் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அதாவது, 'இதை எப்போ தூக்கிப் போடுவீங்க' தவிர.

"வெயில் பட்டு, வயசாகி, பிளாஸ்டிக் மஞ்சளாயிடும்மா. வெளுக்க வைக்கலாம். முடிக்கு நிறம் எடுக்கிற பெராக்சைடு இருக்கே, அதைக் கூழ் மாதிரி வாங்கி, வெளிமூடிக்கு மட்டும் தடவி, பிளாஸ்டிக் தாளைச் சுத்தி, நல்ல வெயில்ல வைக்கணும். நாலு மணி நேரம். நடுவுல திருப்பிப் போடணும். அப்புறம் பாத்தா நேத்து வாங்கின மாதிரி இருக்கும்."

"நீங்க ஏன் பண்ணலை?"

"மஞ்சள்தான் அதோட வயசுக்கு மரியாதை. அதுவும் இல்லாம, உண்மையான சேகரிப்பாளன் எதைத் தேடுவான் தெரியுமா? முத்திரை உடையாத பெட்டியை. பின்பக்கம் திருகாணி மேல கம்பெனி ஒட்டின சீல் அப்படியே இருக்கணும். அதுதான் மாணிக்கம். அதை யாரும் திறக்கவே மாட்டாங்க. திறந்தா மதிப்புப் போச்சு."

"திறக்கவே மாட்டாங்களா?"

"சத்தியமா மாட்டாங்க."

அவள் காய்கறிப் பட்டியல் எழுதுகிற தாளில் குறிப்பு வேறு எடுத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிக்கு ரசனை வந்துவிட்டது என்று கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.

கடை என்றால் கண்ணாடிக் கடை. அங்கே கண் பரிசோதிக்கிறவன் நான். ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, "மேல் வரி தெரியுதா? அடுத்த வரி? கடைசிச் சின்ன வரி?" என்று ஊரையே கேட்கிறவன். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. போகட்டும்.

போனில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. 'பழைய கம்ப்யூட்டர் அன்பர்கள்'. அதில் பணம் புழங்காது. பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொள்வோம். அந்த மாதம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர் போடவில்லை, எண்ணும் புதுசு. 'ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர்' என்று மட்டும் இருந்தது. படத்தில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு படிக்கும் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்ததுமே எனக்கு மரியாதை வந்துவிட்டது. எங்கள் கடையில் விற்கிற சட்டம். பெரியவர் தரம் பார்த்து வாங்குகிறவர்.

அவர் ஒரு பெட்டியின் படத்தைப் போட்டார். நான் நின்றுகொண்டிருந்தவன் உட்கார்ந்துவிட்டேன். பால் மாதிரி வெள்ளை. பின்பக்கம் திருகாணிமேல் பளபளவென்று வெள்ளி முத்திரை. உடையாத முத்திரை!

'ஐயா, இது மாற்றிக்கொள்ளக் கிடைக்குமா?' என்று கேட்டேன்.

'ஒன்றுக்கு இரண்டு தருவீர்களா தம்பி?' என்று பதில் வந்தது.

ஒப்பந்தமே அதுதானே! இரண்டு போய் ஒன்று வரலாம். சட்டமும் சரி, ஆசையும் சரி. பத்தொன்பது மிஞ்சும். பத்து எங்கே, பத்தொன்பது எங்கே!

"ரெண்டு பெட்டியை அனுப்பணும்மா" என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கொடுங்க, நானே ஆபீஸ்ல சேர்த்துடறேன். அக்கா வண்டி இருக்கு."

பழகுநர் பலகை தொங்கும் அந்த வண்டியின் பின் சீட்டில் என் கையாலேயே இரண்டு பெட்டியையும் வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன். அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துடலாம்" என்றார்.

நாலாம் நாள் பார்சல் வந்தது. அந்தக் கட்டு இருக்கிறதே! நாலு மூலைக்கும் அட்டைத் தொப்பி, நடுவில் இரட்டை முடிச்சு, ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. நான் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா? பார்சல்னா இப்படிக் கட்டணும். நீயும் இருக்கியே, ஏழு வருஷமா பார்சல் ஆபீஸ்ல."

"ஆமாங்க. எனக்கு அவ்வளவு கை வராது" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. தோள் லேசாகக் குலுங்கியது. மனசு நொந்துவிட்டது போல என்று நினைத்து, "பரவாயில்லை, பழகிக்கலாம்" என்று தட்டிக்கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தால், என்ன ஆச்சரியம், என்னிடம் பரணில் இருக்கிற ஒரு மாடலேதான்! ஆனால் என்னுடையது மஞ்சள், இது வெள்ளை. என்னுடையது திறந்து துடைத்தது, இது முத்திரை உடையாதது. ஜோடி சேர்ந்துவிட்டது! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

"ஏணி எங்கே?"

"அக்கா வீட்டுல. போன தடவை பரண்ல ஏறி இடுப்புப் பிடிச்சு மூணு நாள் கிடந்தது மறந்துபோச்சா? ஜோடி எங்கே போயிடப் போகுது?"

அதுவும் சரிதான்.

மாதம் ஒன்று. பெரியவர் ஒரு பெட்டி காட்டுவார்; நான் இரண்டு கொடுப்பேன். ஐந்து மாதத்தில் ஐந்து வெள்ளைப் பெட்டி. ஐந்தும் முத்திரை உடையாதவை. ஐந்துமே என்னிடம் பரணில் இருக்கிற மாடல்கள்! இரண்டு மனிதர்களின் ரசனை இந்த அளவுக்கு ஒத்துப்போகுமா என்று நான் வியந்தேன். வியந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரியவரிடம் எனக்குப் பாசம் வந்துவிட்டது. மத்தியான இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டே மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவேன்.

'ஐயா, என் வீட்டம்மாவுக்கு இதெல்லாம் புரியாது ஐயா. பந்து, மட்டை என்று ஒரே பிடிவாதம்.'

'விளையாடட்டுமே தம்பி. உடம்புக்கு நல்லதுதானே.'

'இந்த வயதிலா ஐயா?'

'என்ன வயது?'

'முப்பத்திரண்டு ஐயா.'

அன்றைக்கு அதற்குப் பதில் வர வெகுநேரம் ஆனது. 'வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள். நல்ல பெண்மணியாகத் தெரிகிறது' என்று வந்தது.

'உங்களுக்கு அவளைத் தெரியாது ஐயா' என்று எழுதினேன்.

இப்படி எழுதினேன் என்று சொல்லும்போதே எனக்கு வேர்க்கிறது.

வீட்டில் சில விஷயங்கள் கண்ணில் படத்தான் செய்தன. அவளுடைய நீலத் துண்டில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "சோப்பு ஒத்துக்கலை" என்றாள். அக்கா வீட்டு மொட்டை மாடியில் ஏதோ பிளாஸ்டிக் தாள் சுற்றி வெயிலில் காய்ந்தது. "காரு பம்பர் தம்பி" என்றார் அக்கா. மாடியில் எதற்குப் பம்பர் என்று நான் கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் விஷயம், நமக்கு என்ன தெரியும்?

ஆறு மாதம் முடிந்தது.

முந்தின நாள் சாயங்காலமே ஹாலுக்கு நடுவில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன். கோடு அவளுடைய நாற்காலியைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு போனது. அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு காலாகப் பத்திரிகை படித்தாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. பாவம், தோற்பது அவளுக்குப் புதுசு, எப்படிக் கவலைப்படுவது என்று தெரியவில்லை என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அக்கா ஏணியோடு வந்தார். நான் சலவைச் சட்டை போட்டிருந்தேன்.

"எண்ணலாமா?" என்றேன். கேட்டது நான்தான். அதுவும் பதிவாகட்டும்.

பின்னறையில் எண்ணினோம். ஒன்பது. என் பழைய பெட்டி நாலு, பெரியவர் தந்த வெள்ளைப் பெட்டி ஐந்து.

"பரண்ல ஆறு. ஆக மொத்தம் பதினஞ்சு. பத்துக்கு மேலே! ஹால்ல பாதி என்னுது. அக்கா, தீர்ப்பைச் சொல்லுங்க."

"கண்ணாடியைப் பாக்காம ரிவர்ஸ் எடுக்கக் கூடாது தம்பி. பெட்டியை இறக்கிக் காட்டுங்க."

"காட்டிட்டாப் போச்சு!"

ஏறினேன். ஒவ்வொரு பெட்டியும் பதினைந்து கிலோ. இடுப்பை இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி முதல் பெட்டியைத் தூக்கினேன்.

பெட்டி பறந்தது.

பறந்து விட்டத்தில் இடித்து, வாய் பிளந்து, என் தலைமேல் கொட்டியது. வெள்ளை வெள்ளையாக. உருண்டை உருண்டையாக. ஆலங்கட்டி மழை என்றுதான் முதலில் நினைத்தேன்; கூரையை அண்ணாந்தும் பார்த்துவிட்டேன். டக். டக் டக். டக் டக் டக் டக். தரையெல்லாம் குதித்தது. ஹாலுக்கு ஓடியது. என் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் உருண்டது.

டேபிள் டென்னிஸ் பந்து.

"இருநூறு இருக்கும்" என்றாள் அவள், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு. "என் பழைய கிளப்ல கழிச்சுப் போட்டது. நானும் பழைய சாமான் சேர்க்கறேன்."

இரண்டாவது பெட்டியைத் தொட்டேன். வலை. மூன்றாவது பெட்டியில் அவள் வாங்கிய கோப்பைகள். நாலாவதில் இன்னும் கோப்பைகள். இவ்வளவு வாங்கியிருக்கிறாளா! ஐந்தாவதில் ஒன்றுமே இல்லை, வெறும் அட்டை. ஆறாவது மட்டும் அசையவில்லை. உள்ளே கம்ப்யூட்டர். அதைக் கட்டிக்கொண்டேன்.

"ஒன்பதும் ஒண்ணும் பத்து" என்றார் அக்கா. "சிக்னல் விழுந்தாச்சு."

"நில்லுங்க!" ஏணியிலிருந்து பாதி இறங்கி, மீதி விழுந்தேன். "இது செல்லாது! பரண்ல இருந்த அஞ்சு பெட்டியை இவ வெளியாளுக்குக் கொடுத்துட்டா. ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு!"

"நான் எதையும் வெளியாளுக்குக் கொடுக்கலைங்க."

"அப்போ அந்த அஞ்சும் எங்கே?"

"பின்னறையில."

"பின்னறையில இருக்கறது பெரியவர் கொடுத்தது!"

அவள் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தாள். திருப்புளியைக் கையில் கொடுத்தாள்.

"முத்திரையை உடைங்க."

"ஐயோ! மதிப்புப் போயிடும்!"

"அது எங்க பார்சல் ஆபீஸ் சீல். ஒரு ரோல்ல ஐநூறு வரும். தினமும் என் சட்டைக் கையில ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு வருமே, நீங்கதானே பிச்சு எடுத்துப் போடுவீங்க?"

அக்கா குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சா?"

முத்திரையைக் கிழித்தேன். மூடியைத் திறந்தேன். சேகரிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெட்டியைத் திறந்து துடைத்தால், மூடியின் உட்புறம் பென்சிலால் அன்றைய தேதியைக் குறித்து வைப்போம். அங்கே பென்சிலால் எழுதியிருந்தது. கோழி கிளறின மாதிரி கையெழுத்து. எனக்குத் தெரிந்த கோழி.

அவள் என் ஒரு கண்ணைத் தன் கையால் பொத்தினாள்.

"மேல் வரி தெரியுதா?"

"'முழுதும் துடைத்து எண்ணெய் விட்டது'" என்று படித்தேன்.

"கடைசிச் சின்ன வரி?"

தேதி. படித்தேன்.

"நம்ம முதல் கல்யாண நாள்" என்றாள் அவள். "கடையில ஸ்டாக் எடுக்கணும், வர நேரமாகும்னு சொன்னீங்க. நான் புதுப் புடவை கட்டிக்கிட்டு ஜன்னல்ல உக்காந்திருந்தேன். நீங்க நண்பர் வீட்டுல உக்காந்து இதுக்கு எண்ணெய் விட்டிருக்கீங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி என் கோப்பையைத் தேடிப் பரண்ல ஏறினேன். இது கவிழ்ந்து மூடி கழண்டுச்சு. படிச்சேன். மறுநாள் மழைக் கோட்டோட வந்தீங்க."

அக்காவின் வலது கால் தரையில் பிரேக்கை ஓங்கி மிதித்தது.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தோற்கிறவன் புத்தி கடைசி நிமிஷத்தில்தான் வேலை செய்யும். எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"பரண்ல இருந்ததை எடுத்து வெளுக்க வச்சு, அந்தப் பெரியவர்கிட்ட கொடுத்திருக்கே! அவர் வெளியாள்தானே? மாட்டிக்கிட்டே! ஒப்பந்தம் செல்லாது! இரு, அவரையே சாட்சிக்குக் கூப்பிடறேன்!"

போனை எடுத்தேன். தட்டினேன். 'ஐயா, உங்களிடம் அந்த ஐந்து பெட்டியையும் கொடுத்தது யார்? உண்மையைச் சொல்லுங்கள். என் குடும்ப மானம் உங்கள் கையில் இருக்கிறது.' அனுப்பினேன்.

டிங்.

சத்தம் அவளுடைய பையிலிருந்து வந்தது.

நான் என் போனைப் பார்த்தேன். அவள் பையைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன். அக்கா கூரையைப் பார்த்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை, 'ஐயா?' என்று மட்டும் அனுப்பினேன்.

டிங்.

"அந்தக் கண்ணாடி!" என்று அலறினேன். "படத்துல இருந்த கண்ணாடி!"

"எங்க அம்மாவோடது. பவர் பாத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது நீங்கதான்."

தரையில் உட்கார்ந்தேன். ஒரு பந்தின் மேல் உட்கார்ந்தேன். அது விலகி ஓடியது. 'உங்களுக்கு அவளைத் தெரியாது ஐயா.' இந்த வாக்கியம் மண்டைக்குள் டக் டக் என்று அங்குமிங்கும் குதித்தது. ஐந்து மாதம். என் மனைவியைப் பற்றிய குறைகளையெல்லாம் என் மனைவியிடமே, மரியாதையாக, ஐயா போட்டு எழுதியிருக்கிறேன்.

அவள் போனை எடுத்தாள். எதிரிலேயே நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல், நிதானமாகத் தட்டினாள். என் கையில் போன் அதிர்ந்தது.

'தம்பி, உங்கள் வீட்டம்மா எந்தப் பெட்டியையும் வெளியாளுக்குக் கொடுக்கவில்லை. தன் கணவருக்குத்தான் கொடுத்தார். வாசகம் உங்களுடையது. முதலில் பந்தைப் பொறுக்குங்கள்.'

பின்னறையில் சாய்ந்த மானிட்டருக்கு அடியிலிருந்து அவள் தன் மட்டையை உருவினாள். அதன் ரப்பரைத் துண்டால் துடைத்தாள். வீசிப் பார்த்தாள். காற்று 'விஷ்' என்றது. மானிட்டர் மெதுவாக முன்னால் சாய்ந்து, எனக்கு வணக்கம் சொல்வது போல் குனிந்து நின்றது.

இப்போது பின்னறையில் மேஜை இருக்கிறது. அவளும் அக்காவும் சாயங்காலம் விளையாடுகிறார்கள். நான் கைமாற்றிக் கொடுத்த பத்துப் பெட்டியும் அக்காவின் கார் ஷெட்டில் வரிசையாக நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்கு அனுமதி. மிச்சப் பத்தும் ஹாலில் ஒரு மூலையில், அவள் பெரிய மனசோடு சாக்பீஸால் போட்டுக் கொடுத்த ஒரு சின்னச் சதுரத்துக்குள், ஒன்றன்மேல் ஒன்றாக. வரப்போகும் கல்யாண நாளுக்கு இப்போதே லீவு சொல்லிவிட்டேன். விண்ணப்பத்தை மட்டும் பச்சை எழுத்தில் தட்டினேன். பார்த்து எழுதிக் கொடுத்தது அவள்தான்.

இருநூறு பந்தில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது கிடைத்துவிட்டது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பார்க்கும்படி ஐயா எழுதியிருக்கிறார்.